வாங்கத் தெரியாதவன்

டோக்கியோவின் எதோகாவா வார்டில் நிஷி-கசாய் என்றொரு பகுதி இருக்கிறது. இந்தியக் குடும்பங்கள் அதிகம். துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் நடந்துபோய் வாங்கிவிடலாம். ஜப்பானிய மொழியே தெரியாமல்கூட அங்கே காலத்தை ஓட்டிவிட முடியும், நானும் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். அப்புறம் வெட்கமாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் சமுதாயக்கூடத்தின் மாடியில் நடக்கும் இலவச வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் பள்ளியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா.

சில மாதங்களில் கொடுக்கல் வாங்கல் பாடம் வந்தது. ஜப்பானியத்தில் இதற்கு மூன்று அடிப்படை வினைகள். நான் இன்னொருவருக்குக் கொடுத்தால் ‘அகெரு’. இன்னொருவர் எனக்கோ என்னைச் சேர்ந்தவர்களுக்கோ கொடுத்தால் ‘குரெரு’. அதே நிகழ்ச்சியை வாங்கியவன் பக்கம் நின்று சொன்னால் ‘மொராவு’. கொடுத்தது ஒரே குடைதான், ஆனால் யார் பக்கம் நின்று பேசுகிறேன் என்று முடிவு செய்யாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது.

வகுப்பில் எல்லாரும் குரெருவில் தடுக்கி விழுந்தார்கள். எனக்கு அது சுலபமாக இருந்தது, காரணம் தொல்காப்பியம். தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, கொடு, செல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று கிளவியாக்கத்தில் விதி உண்டு. ‘எனக்குத் தா, அவனுக்குக் கொடு’ என்பதுதான் பழைய முறை. நாம் இப்போது இரண்டையும் கலந்துவிட்டோம், மலையாளிகள் இன்னும் பிரித்தே பேசுகிறார்கள். கேட்பவன் தாழ்ந்தவன் என்றால் ஈ, சமமானவன் என்றால் தா, உயர்ந்தவன் என்றால் கொடு என்று இன்னொரு விதியும் தொல்காப்பியத்தில் இருக்கிறது. ஜப்பானியத்திலும் இப்படி மேல் கீழ் பார்த்துச் சொல் மாறும். எனக்கு ஒரே பெருமை, நம்ம ஊட்டுச் சமாச்சாரம்தானே என்று.

பெருமை மொராவு வரைக்கும்தான் நிலைத்தது.

ஜப்பானியத்தில் ‘தே’ என்று முடியும் ஒரு வினைவடிவம் உண்டு. நம்முடைய ‘எழுதி’, ‘செய்து’ மாதிரி. அதனோடு கொடுக்கும் வினையைச் சேர்த்தால் ‘எழுதிக் கொடுத்தார்’ என்று நாம் சொல்வதேதான். வாங்கும் வினையைச் சேர்த்தால் ‘கைதே மொராவு’, சொல்லுக்குச் சொல் ‘எழுதி வாங்கு’. ஒருவர் எனக்காக எழுதியதை நன்றியோடு பெற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். தமிழில் அதே இரண்டு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். ‘எழுதி வாங்கிட்டாங்க’ என்று யாராவது சொன்னால் நமக்குக் கண்ணில் தெரிவது பத்திரத்தாளும், கைநாட்டு வைக்கும் ஒரு கிழவரும்தான்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாங்கு என்ற சொல்லையே உருட்டிக்கொண்டிருந்தேன். கடையில் காசு கொடுத்து எடுப்பதும் வாங்குவதுதான், சும்மா கொடுத்ததைப் பெறுவதும் வாங்குவதுதான். அடி வாங்குகிறோம், ஏச்சு வாங்குகிறோம். உயிரை வாங்குகிறோம். ஆளை வைத்து வேலை வாங்குகிறோம். இந்தக் கடைசி உதாரணம்தான் குத்தியது. ‘வேலை செய்து மொராவு’ என்று அவர்கள் பணிவாகச் சொல்லும் இடத்தில் நம்முடைய சொல் பிழிந்தெடுக்கிறது.

இதை வைத்து அவர்கள் நன்றியுள்ளவர்கள், நாம் இல்லை என்று சொல்ல வரவில்லை. இலக்கணம் யாரையும் நல்லவனாக்குவதில்லை. ஒருவரை வேலையைவிட்டு அனுப்பும்போதும் ஜப்பானியத்தில் ‘யமெதே மொராவு’ என்பார்கள். நீ விலகுவதை நான் பெற்றுக்கொள்கிறேன் என்கிற மாதிரி. மொராவுவின் பணிவான வடிவம் ‘இததாகு’. கிடைத்ததைத் தலைக்குமேல் தூக்கிப்பிடிப்பது என்பது அதன் பழைய பொருள். சாப்பிடும் முன் கைகூப்பிச் சொல்லும் ‘இததாகிமாஸ்’ அதிலிருந்து வந்ததுதான். அதே சொல்லை, இன்று விடுமுறை என்று கடைக்கதவில் ஒட்டும் அறிவிப்பிலும் பார்க்கலாம், ‘மூடிக்கொள்ள அனுமதி பெற்றுக்கொள்கிறோம்’ என்ற தோரணையில். அனுமதி யார் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. பணிவு வெறும் வழக்கமாகவும் ஆகிவிடும், அதிகாரத்துக்குப் போர்வையாகவும் ஆகிவிடும்.

அப்படியிருந்தும் அந்த வினை என்னை விடவில்லை. வீட்டுப்பாடமாகக் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். எல்லாமே ‘தே மொராவு’ வைத்து.

என் அக்கா பத்தாவது முடித்ததும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனாள். முதலில் செக்கிங், பிறகு ஓவர்லாக் மிஷின். சனிக்கிழமை சாயந்திரம் சம்பளம். அந்தச் சனிக்கிழமைகளில்தான் என் இன்ஜினியரிங் படிப்பு முடிந்தது. யார் கேட்டாலும் ‘அக்காதான் என்னைப் படிக்க வச்சா’ என்று சொல்வேன். மறைத்ததே கிடையாது. ஆனால் அந்த வாக்கியத்தில் எழுவாய் அவள், வினை அவளுடையது. நான் நடுவில் ‘என்னை’ என்று ஒரு ஓரமாக இருப்பேன். செய்தவள் அவள், எனக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

வேலை கிடைத்ததும் எனக்கென்று ஒரு வேலையை ஏற்படுத்திக்கொண்டேன். திருப்பிக் கொடுப்பது. கல்லூரிக் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாவற்றையும் ஒரு கணக்காக எழுதி, மேலே கொஞ்சம் சேர்த்து, மாதாமாதம் அனுப்பினேன். அவள் அனுப்ப நினைத்த எதையும் வேண்டாமென்றேன். ‘எதுக்குக்கா பொடியும் ஊறுகாயும், இங்கயே எல்லாங் கிடைக்குது.’ ஒருநாள் பெரிய தொகை ஒன்றை அனுப்பிவிட்டு, போனில் சந்தோஷமாகத்தான் சொன்னேன், ‘இதோட எல்லாம் சரியாப்போச்சுக்கா.’

கொஞ்சநேரம் சத்தமே இல்லை. பிறகு, ‘நானென்ன வட்டிக்கா குடுத்தேன் கண்ணு?’ என்றாள். அதற்கப்புறம் அவளாக எனக்குப் போன் செய்வது நின்றுபோனது.

எனக்குப் புரியவில்லை. கடனை அடைப்பது நல்ல குணம்தானே? ஏற்பதைப் பழிக்கும் ஆத்திசூடியைப் படித்துத்தானே வளர்ந்தோம்? அவளுடைய கோபம் நியாயமில்லை என்றுகூட நினைத்தேன்.

ஜப்பானில் துக்கவீட்டில் பணம் வைத்தால், சுமார் பாதி மதிப்புக்குப் பொருளாகத் திருப்பி அனுப்புவது வழக்கம். ஏன் பாதி? எனக்குத் தோன்றுவது இதுதான். முழுசாகத் திருப்பினால், உன் பணம் எனக்கு வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். நம் ஊர் மொய்யை யோசித்துப் பார்த்தேன். வாங்கிய மொய்யைக் கொஞ்சம் கூட்டித்தான் திருப்பி எழுதுவோம். அங்கே பாதி, இங்கே கூடுதல். இரண்டிலுமே கணக்கு நேராவதில்லை. நேரானால் உறவு முடிந்துவிடும் என்பது இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் அடைத்தது கடனை என்று நினைத்தேன். அவள் தந்தது கடன் இல்லை, அதனால் அதை அடைக்கவும் முடியாது. நான் செய்ததெல்லாம், அவள் தந்ததைப் பின்தேதியிட்டுக் கடனாக மாற்றியதுதான்.

அந்த ஐந்தில் ஒரு வாக்கியம் இப்படி எழுதினேன்: ‘அனெ நி தைகாகு ஓ தஷிதே மொராஇமஷிதா.’ தமிழில் அதை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. ‘அக்கா என்னைக் கல்லூரி முடிக்கவைத்ததை நான் பெற்றுக்கொண்டேன்’ என்று வேண்டுமானால் சொல்லலாம். முதன்முறையாக அந்த வாக்கியத்தில் எழுவாய் நான். என் வினை வாங்கிக்கொள்வது. ஓவர்லாக் மிஷினில் குனிந்திருந்தவளைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டது நான்தான். யாரோ செய்து என்மேல் வந்து விழுந்தது என்று இனிமேல் சொல்ல முடியாது. திருப்பிக் கொடுப்பதைவிட இது கஷ்டமாக இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது நான் கொடுப்பவனாகிவிடுகிறேன், அதில் ஒரு மிதப்பு உண்டு. வாங்கியவனாகவே இருப்பதில் அது கிடையாது.

அடுத்த வாரம் நோட்டு திரும்பி வந்தது. அந்த வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். நம் ஊர்ப் பழக்கத்தில் தப்பு என்று பதறிவிட்டேன். அந்த அம்மா சிரித்தார். இங்கே வட்டம் போட்டால் சரி என்று அர்த்தமாம்.

அன்று ராத்திரி அக்காவுக்கு நானே போன் செய்தேன். பெரிதாக எதுவும் பேசத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டால் அதையும் ஒரு தவணையாக அவள் எடுத்துக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது.

‘அக்கா, கொஞ்சம் பருப்புப்பொடி அரைச்சு அனுப்பறியா?’

‘அங்கயே எல்லாங் கிடைக்குதுன்னியே.’

‘நீ அரைச்சது கிடைக்கல.’

மறுபக்கம் பாத்திரம் உருளும் சத்தம். அப்புறம் கேட்டாள், ‘பூண்டு போட்டா, போடாமயா?’