எருதுக்காக எழுதிய ஏடு



சீனத்தின் வடமேற்கே, பாலை நிலத்தின் விளிம்பில் துன்ஹுவாங் என்னும் ஊர் உள்ளது. அதனருகேயுள்ள குகைக் கோயில்களுள் ஒன்றில், சுவரெழுப்பி மறைக்கப்பட்டிருந்த சிற்றறை 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உள்ளே பல்லாயிரம் கையெழுத்துச் சுவடிகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை பௌத்த ஆகமங்களின் படிகள்.

ஆகமத்தைப் படியெடுத்தலைச் சீனத்துப் பௌத்தர் பெரும் புண்ணியமாகப் போற்றினர். பூச்சி அரிக்காதிருக்க மரப்பட்டைச் சாயம் தோய்த்த மஞ்சள் தாளில் கோடிட்டு, மேலிருந்து கீழாக, வரிக்கு 17 எழுத்துகள் என்னும் ஒழுங்கில் தூரிகையால் எழுதினர். தாங் மரபினர் காலத்து அரசவைப் படிகளின் இறுதியில் எழுதியவர் பெயரும், தாள்களின் எண்ணிக்கையும், மும்முறை ஒப்புநோக்கியோர் பெயர்களும் காணப்படுகின்றன. அவர்களுக்கு எழுத்தின் அழகும் மனத்தின் அடக்கமும் ஒரே பயிற்சியாயின.

அங்குக் கிடைத்த சிற்றேடு ஒன்று 911-ஆம் ஆண்டினது என்பர். உழுது முதிர்ந்த எருது ஒன்றின் பொருட்டு எழுதப்பட்டது அது. இதன் புண்ணியத்தை அவ்வெருது பெறவேண்டும், மீண்டும் விலங்குப் பிறவி எய்தலாகாது, மறுமையில் பகைவழக்கு எழலாகாது என்று அதன் இறுதிக் குறிப்பு வேண்டுகின்றது.

அருகனெறி நிற்கும் நாம் இதனை எவ்வாறு கொள்வது? ஒருவர் ஈட்டிய நல்வினையை மற்றோர் உயிர்க்கு மாற்றித் தருதல் நம் ஆகமத்திற்கு உடன்பாடன்று. அவரவர் வினையை அவரவரே துய்க்க வேண்டும். ஆயினும், தமக்கும் ஒரு வாயில்லா உயிர்க்கும் இடையே தீராத கணக்கொன்று உண்டு என்று அம்மனிதர் அஞ்சினார், இரங்கினார். அவ்விரக்கத்தின் பயன் அவர் உயிரைச் சார்ந்தது.

உழவையே வாழ்வாகக் கொண்டு வந்த குடும்பங்கள் நம்முடையவை. ஏர் இழுத்து ஓய்ந்த மாட்டை நாம் என் செய்தோம்? கொட்டிலில் வைத்துக் காத்தோமா, சந்தைக்கு ஓட்டினோமா? நம் முன்னோர் ஓலையில் ஆகமம் எழுதுவித்துச் சாஸ்திர தானம் செய்தனர். அதனோடு ஒருங்கு எண்ணப்படுவது அபய தானம். முன்னதைச் செய்யும் கை பின்னதை மறத்தல் தகுமோ?

வரும் சுருத பஞ்சமியன்று, ஆகமத்தின் ஒரு பகுதியையேனும் நம் கையால் எழுதுவோம். குழந்தைகளையும் எழுதச் செய்வோம். எழுதி முடித்ததும், நாம் கடன்பட்ட உயிர் எதுவென எண்ணிப் பார்ப்போம். அவ்வுயிர் வாழும்போதே அக்கடனைத் தீர்ப்போம்.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!