மேலே நிற்பவரின் கடமை

ஒருவர் தம் உயிரைத் தாமே ஆபத்துக்கு உட்படுத்தலாமா என்பது அறநெறியாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா. மலையேறுவோரையும் கடலோடுவோரையும் குறித்து இவ்வினா எழும்போது, "அவர் உயிர், அவர் விருப்பம்" என்னும் மறுமொழி எளிதில் வந்துவிடுகிறது. அம்மறுமொழி எவ்விடத்தில் பொருந்தாமற் போகிறது என்பதை அறிய, இளவேனிற் காலத்து ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்குத் தளங்களை நாம் நோக்கலாம். நம்முள் பலர் அவற்றைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருப்போம். எனினும் வினா நமக்கும் உரியதே.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் வெயில் பனியின் மேற்பரப்பை உருக்குகிறது. இரவில் வானம் தெளிந்திருந்தால், பனி தன் வெப்பத்தை இழந்து மீண்டும் உறைகிறது. காற்றின் வெப்பநிலை 0 டிகிரிக்குச் சற்று மேலே இருப்பினும் இவ்வாறு நிகழக்கூடும். ஆதலின் காலையில் சரிவு கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கிறது. வெயில் ஏறியதும் மேலே சில சென்டிமீட்டர் மட்டும் இளகிக் குறுணைபோல் ஆகிறது; சறுக்குவோர் ஆவலோடு காத்திருப்பது இச்சிறு பொழுதுக்கே. பின்னர் நீர் உள்ளிறங்கப் பனி கூழாகிறது; செங்குத்தான இடங்களில் ஈரப்பனி பெயர்ந்து சரியும் அபாயமும் எழுகிறது. கிழக்கு நோக்கிய சரிவு முதலில் இளகும். தெற்கும் மேற்கும் பின்னரே. இரவு மேகம் கவிந்து பனி உறையாதிருந்தாலோ, மறுநாட் கணக்கு முழுவதும் மாறிவிடும். நேற்றுப் பிற்பகல் அங்கே இனிது சறுக்கியவருக்கு இன்று காலை அது முற்றிலும் புதிய இடம்.

உறைபனியில் ஒருவரைத் தாங்குவது சறுக்குப் பலகையின் உருக்கு விளிம்பு ஒன்றே. அது மழுங்கியிருந்தால் பிடி இல்லை. செங்குத்தான உறைபனியில் விழுந்தவர் விழுந்த இடத்தில் கிடப்பதில்லை. மேன்மேலும் வேகம் கொண்டு கீழே செல்கிறார். கீழே யார்? முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சிறுமியாக இருக்கலாம். அவள் இந்த ஆபத்துக்கு இசைவு தரவில்லை. அது வருவதையும் அறியாள். "என் உயிர், என் விருப்பம்" என்ற வாதம் இவ்விடத்தில் சரிந்துவிடுகிறது.

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967இல் வகுத்த நடத்தை விதிகள் பின்னர்ப் பத்தாக அமைந்தன. பின்னாலிருந்து வருபவரே முன்னே செல்பவருக்கு ஆபத்து நேராத வழியைத் தேர வேண்டும் என்கிறது மூன்றாம் விதி. மேலே நிற்பவர் காண்கிறார், கீழே இருப்பவர் காண்பதில்லை. காண்பவர்மேல் கடமை விழுகிறது. வேகம் தம் திறமைக்கும் பனியின் நிலைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. எனவே "பனி உறைந்திருந்தது" என்பது மோதியவருக்குச் சாக்குப்போக்காகாது. அதைத்தானே அவர் முன்கூட்டி எண்ணியிருக்க வேண்டும்?

தன்னளவில் நல்லதாகிய ஒன்று, சூழ்நிலையால் தீயதாகக்கூடும் என்று தூய தாமஸ் அக்குவினாஸ் முன்மதியைப் பற்றி எழுதுகையில் கூறுகிறார். சுற்றுமுற்றும் நோக்கும் பண்பை அதனால்தான் முன்மதியின் கூறுகளுள் ஒன்றாக வைக்கிறார். சறுக்குவது தீதன்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் இத்தாலியின் அடமெல்லோ பனிமலையில் சறுக்கி மகிழ்ந்தாரே! காலை எட்டு மணிக்கு உறைந்த சரிவில் இறங்காமல், பனி இளகும்வரை காத்திருப்பதும் கோழைத்தனமன்று. ஆனால் விடுமுறை சில நாள்களே. கட்டிய பணம் வீணாகிறது. உடன் வந்தோர் அழைக்கின்றனர். தேர்ந்தவர் முன்னே பாய, வெட்கத்தால் பின்தொடரும் பயிலாதவரே பெரும்பாலும் விழுகிறார். அவரது வீழ்ச்சியில் முன்னே சென்றவருக்குப் பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

தலைக்கவசம் அணிவது நன்று. ஆயினும் அது அணிந்தவரின் தலையையே காக்கிறது. முந்தைய இரவே அரம் எடுத்து விளிம்பைத் தீட்டிவைப்பதோ, முன்பின் அறியாத ஒருவருக்காகவும் செய்யும் செயல்.

மோதல் நேர்ந்தால் உதவ வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. பத்தாவது, தவறு யாருடையதாயினும், தொடர்புடையோரும் கண்டோரும் தத்தம் பெயரையும் முகவரியையும் தர வேண்டும் என்கிறது. மலைமீது கண்ணாடியும் கவசமும் முகத்தை மறைத்துவிடுகின்றன; ஒருவர் எழுந்து, பனியைத் தட்டிவிட்டு, சரிவில் மறைந்துபோவது மிக எளிது.