முருகன் சூரனை மன்னித்தாரா? கதையை முழுசா படிச்சுப் பார்ப்போம்

ஓம் சரவணபவ.



கந்த சஷ்டி வந்தாலே நம்ம எல்லார் ஸ்டேட்டஸ்லயும் ஒரே கருத்துதான் ஓடும். எதிரியையும் மன்னிச்சு வாகனமா ஏத்துக்கிட்டவர் நம்ம முருகன் அப்படின்னு. கேட்கவே மனசு குளிரும். இந்தக் கருத்தை இன்னைக்கு நான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாப் பார்க்க விரும்புறேன். காரணம் இருக்கு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா. கல்யாணமாகி ஆறு வருஷம். வீட்டுக்காரர் கை நீட்டுறவர். அடிச்ச மறுநாள் காலையில கால்ல விழுந்து அழுவார். அடுத்த மாசம் மறுபடியும் அதே கதை. ஒரு கட்டத்துல அக்கா அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. சமாதானம் பேச ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உட்கார்ந்தாங்க. அதுல ஒருத்தர் சொன்னாராம்: "நீ சஷ்டி விரதம் இருக்குற பொண்ணுதானேம்மா? முருகனே சூரனை மன்னிச்சு மயிலா ஏத்துக்கிட்டார். நீ உன் புருஷனை மன்னிக்கக் கூடாதா?"

அக்காவால பதில் சொல்ல முடியல. அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணாங்க. "தம்பி, நீதான் முருகன் கதையெல்லாம் எழுதுறியே. அவர் சொன்னது சரியா? நான் போகலேன்னா முருகனுக்கு விரோதமா நடக்குறேன்னு ஆயிடுமா?"

இந்தக் கேள்விக்கு உணர்ச்சிவசப்பட்டு பதில் சொல்லலாம். ஆனா அந்தப் பெரியவர் ஒரு கதையைக் கையில எடுத்துப் பேசியிருக்கார். அதனால அந்தக் கதையையே திறந்து பார்க்கிறதுதான் முறைன்னு எனக்குத் தோணுச்சு.

நம்மில் பலருக்கு சூரன் கதை தெரிஞ்சது திருச்செந்தூர் கடற்கரை வழியாத்தான். யானை முகம் வரும், சிங்க முகம் வரும், அப்புறம் சூரனோட சொந்த முகம், கடைசியில மாமரம், சேவல், மயில். நம்ம அப்பா அம்மா தலைமுறைக்குச் சூரன்னா ஏ.பி.நாகராஜன் 1967-ல எடுத்த 'கந்தன் கருணை' படத்துல வந்த அசோகன். ரெண்டுமே அருமைதான். ஆனா ரெண்டுலயும் கதை சீக்கிரம் முடிஞ்சுடுது. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடின கந்தபுராணம் பத்தாயிரத்துக்கும் அதிகமான பாட்டு. அவர் எதையும் அவசரமாகச் சொல்லலை. ஒவ்வொரு பாத்திரமும் எப்போ என்ன பேசுது, எதுக்கு அப்புறம் எது நடக்குதுன்னு ரொம்ப கவனமா அமைச்சிருக்கார். யாழ்ப்பாணத்துக் கோயில்கள்ல இதை ஒருத்தர் பாட, இன்னொருத்தர் நிறுத்தி நிறுத்திப் பொருள் சொல்ற வழக்கம் தலைமுறை தலைமுறையா இருக்கு. அப்படி நிறுத்திப் படிச்சா நாலு விஷயம் கண்ணுல படும்.

முதல் விஷயம், போர் எதுக்காக நடந்துச்சு?

சூரன் கொஞ்ச நஞ்ச தவம் செஞ்சவன் இல்லை. 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் வாங்கினவன். அவன் முருகனைக் கும்பிடலைன்னு முருகன் படையெடுத்து வரலை. இந்திரன் மகன் சயந்தனும் மற்ற தேவர்களும் வீரமகேந்திரபுரத்துச் சிறையில கிடக்குறாங்க. தூது போன வீரவாகு கொண்டு போன செய்தியோட சாரம், அவங்களைச் சிறையிலேர்ந்து விடு என்பதுதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தத் தூதோட வரிசை. வீரவாகு நகரத்துக்குள்ள நுழைஞ்சதும் நேரா சூரனோட சபைக்குப் போகலை. அதுக்கு முன்னாடியே சிறையில இருக்குற சயந்தனோட கனவுல முருகன் வந்து ஆறுதல் சொல்லிட்டார். அப்புறம் வீரவாகு சிறைக்குப் போய் சயந்தனைத் தேத்துறார். அதுக்கு அப்புறம்தான் சூரன் சபை. அடிச்சவனோட பேசப் போறதுக்கு முன்னாடி அடி பட்டவங்ககிட்ட போகணும்னு கந்தபுராணம் நடந்து காட்டுது. நம்ம சமாதானக் கூட்டங்கள்ல இது எத்தனை தடவை நடந்திருக்கு?

ரெண்டாவது விஷயம், சூரனோட கண்ணீர்.

யுத்த காண்டத்துல முருகன் சூரனுக்குத் தன் விசுவரூபத்தைக் காட்டுறார். பாலகன்னு நினைச்சு இகழ்ந்தவன் அந்தக் கணத்துல ஆடிப் போறான். இது யார்னு அவனுக்குப் புரியுது. சுத்தி வரணும், கை கூப்பணும், தலை வணங்கணும்னு உள்ளுக்குள்ள ஆசை பொங்குது. ஆனா மானம்னு அவன் நினைச்சுக்கிட்ட ஒண்ணு தடுக்குது. முருகன் அந்தப் பெரிய வடிவத்தை மறைச்சதும் வந்த அறிவும் போயிடுது. மறுபடியும் பழைய கோபம், மறுபடியும் போர்.

கச்சியப்பர் சூரனை வெறும் கொடூரனா வரையலை. நல்லதை உணரத் தெரிஞ்சவன், தம்பிக்காகவும் மகனுக்காகவும் கதறி அழத் தெரிஞ்சவன்னு காட்டுறார். ஆனா உணர்வது வேற, திருந்துவது வேறன்னும் சேர்த்தே காட்டுறார். அந்த ஒரு கணத்தைப் பார்த்துட்டு "பாவம், அவனுக்குப் புரிஞ்சுடுச்சு, விட்டுடலாம்"னு முருகன் வேலைக் கீழே வைக்கலை. ஏன்னா சிறைக்கதவு இன்னும் திறக்கலையே!

அடிச்ச மறுநாள் காலையில வர்ற அழுகை பொய்யாத்தான் இருக்கணும்னு இல்லை. அது நிஜமாவே கூட இருக்கலாம். அழுகை நிஜமா பொய்யான்னு ஆராயறதை விட்டுட்டு, கதவு திறந்துச்சான்னு பாருங்கன்னுதான் இந்த இடம் எனக்குச் சொல்லுது.

மூணாவது விஷயம், மாமரமும் மயிலும்.

சூரன் கடல் நடுவுல மாமரமா நிற்கிறான். மரம்னா வேர் விட்டது. நகராது, விட்டுக்கொடுக்காது. தன் பிடிவாதத்துக்கே ஒரு உருவம் கொடுத்து அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிறான். வேல் அதைப் பிளக்குது. அதோட மனசு மாறிடுச்சான்னா, இல்லை. சேவலும் மயிலுமா ஆன பிறகும் அந்த ரெண்டும் சண்டைக்குத்தான் பாய்ஞ்சு வருது. முருகனோட அருட்பார்வை பட்ட பிறகுதான் பகை போகுது. ஒண்ணு கொடியில ஏறுது, ஒண்ணு திருவடியைத் தாங்குது.

இப்போ யோசிங்க. மயில்கிட்ட என்ன இருக்கு? அழகு இருக்கு, தோகை இருக்கு, பழைய கர்வத்தோட ஒரு சாயலும் அந்த நடையில இருக்கு. சேவல்கிட்ட கணீர்னு குரல் இருக்கு. ஆனா ரெண்டுகிட்டயும் இல்லாதது மூணு: ஆயுதம், அரியணை, சிறைச்சாலை. யாரை வெச்சு அவன் உலகத்தை வதைச்சானோ அந்தப் படையும் போச்சு. போர் முடிஞ்சதும் சிறை திறந்து தேவர்கள் வெளியே வர்றாங்க. வீரமகேந்திரபுரத்தைக் கடல் விழுங்கட்டும்னு வருணனுக்கு ஆணை போகுது. அதாவது சூரனுக்கு அருள் கிடைச்சது, அதிகாரம் திரும்பக் கிடைக்கலை. "திருந்திட்டான், இந்தா உன் ஊர், இந்தா உன் கைதிகள்"னு முருகன் கொடுக்கவே இல்லை.

இன்னொண்ணும் கவனிங்க. மயில் யாரோட இருக்கு? முருகனோட. சயந்தனோட இல்லை. சயந்தனைக் கூப்பிட்டு, "இவனை நீ மன்னிச்சு உன் வீட்டுல வெச்சுக்கோ"ன்னு யாரும் சொல்லலை. தீயவனைத் தாங்கித் திருத்துற பாரத்தை முருகன் தானே ஏத்துக்கிட்டார். அடிபட்டவன் தலையில அதை இறக்கி வைக்கலை.

நாலாவது விஷயம், சூரனைச் சுத்தி இருந்தவங்க.

தம்பி சிங்கமுகன் நல்லா யோசிக்கத் தெரிஞ்சவன். தேவர்களை விட்டுடு, இது நமக்கு அழிவுன்னு அண்ணன்கிட்ட வெளிப்படையாவே சொன்னான். மகன் பானுகோபனும் ஒரு கட்டத்துல அப்பாகிட்ட அதையே சொன்னான். ரெண்டு பேரும் சரியானதைப் பேசினாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஆயுதத்தை எடுத்துக்கிட்டு தப்பான பக்கத்துல நின்னு உயிரை விட்டாங்க. முன்னெல்லாம் எனக்கு இது ரொம்ப உறுத்தும். நல்லது சொன்னவங்க போர்க்களத்துல மடிய, கேட்காதவன் மயிலாகிறானே, இது நியாயமான்னு.

இப்போ இப்படிப் பார்க்கிறேன். அருளைப் பரிசுன்னு நினைச்சாத்தான் இந்தக் கணக்கு இடிக்கும். யாருக்கு மார்க் அதிகம்னு பார்த்து முருகன் மயிலைத் தேர்ந்தெடுக்கலை. சிங்கமுகன் கதை நமக்கு வேற ஒண்ணு சொல்லுது. "நான் அவன்கிட்ட தப்புன்னு சொல்லிட்டேன்"னு வாயால சொல்லிட்டு, கையை அவனுக்கே கொடுத்தா அந்தச் சொல்லால யாருக்கும் பயன் இல்லை. நம்ம வீட்டுப் பெரியவங்க பல பேர் சிங்கமுகன்கள்தான். "அவன் செய்யுறது தப்புதாம்மா"ன்னு ஆரம்பிப்பாங்க. "ஆனாலும் நீ போய்த்தான் ஆகணும்"னு முடிப்பாங்க.

சிலர் கேட்பீங்க: அப்போ மன்னிப்பே கிடையாதா? தப்பு செஞ்சவன் திருந்தவே முடியாதா?

தாராளமா முடியும். அதுக்குத்தான் மயில் சாட்சி. எவ்வளவு தீமை செஞ்சவனும் குமரன் முன்னால வந்துட்டா உய்ய முடியும், இதை ஆராயவும் வேணுமா, சூரனே உய்ஞ்சானேன்னு கச்சியப்பரே வியந்து கேட்கிற இடம் இருக்கு. அதைப் படிக்கும்போது எனக்குக் கண்ணு கலங்கும். நம்ம ஒவ்வொருத்தருக்கும் அது நம்பிக்கை. ஆனா அந்தப் பாட்டு தப்பு செஞ்சவனைப் பார்த்துச் சொல்ற பாட்டு, உனக்கும் வழி இருக்கு வான்னு. அடி வாங்கினவளைப் பார்த்து, நீ திரும்பிப் போன்னு அது சொல்லலை. ஒருத்தருக்குச் சொன்ன மருந்தை இன்னொருத்தர் வாயில ஊத்துறது பக்தி ஆகாது.

பழைய இலக்கியத்தைப் பார்த்தா இன்னொரு உண்மையும் தெரியுது. திருமுருகாற்றுப்படையில சூரனோட மாமரத்தை வெட்டின செய்தி இருக்கு, சேவல் கொடி இருக்கு, மயிலும் இருக்கு. ஆனா சூரனே மயிலாவும் சேவலாவும் ஆனான்கிற கதை அதுல இல்லை. அந்தக் காலத்து முருகனுக்கு யானையும் வாகனம். சுவாமிமலையிலயும் திருத்தணியிலயும் இன்னைக்கும் சன்னதிக்கு முன்னால யானைதான் நிற்குது. வெட்டப்பட்ட பகையையும் தூக்கிச் சுமக்குற மயிலையும் இணைச்சு, அழிவை அருளாப் பார்க்கக் கத்துக் கொடுத்தது பிற்காலத்து பக்தி மனசு. எவ்வளவு பெரிய மனசு அது! அப்படிக் கனிவோட வந்த ஒரு கதையை யாரையும் மிரட்ட நாம பயன்படுத்தக் கூடாது.

அக்காவுக்கு நான் இதைத்தான் சொன்னேன். மனசுல அவர் மேல இருக்குற வெறுப்பை முருகன் காலடியில வைக்கணும்னு தோணினா வைங்க. தோணலைன்னா அதையும் முருகன்கிட்டயே சொல்லுங்க. அவர் திருந்தணும்னு வேண்டிக்கணும்னா வேண்டிக்கோங்க. ஆனா வேண்டுறது வேற, அந்த வீட்டுக்குள்ள மறுபடி போய் நிற்கிறது வேற. போறதும் போகாததும் உங்க முடிவு. போகலைன்னா முருகனுக்கு விரோதம்னு கந்தபுராணத்துல எங்கயும் இல்லை. அக்கா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "சயந்தன் கனவுல வந்த மாதிரி எனக்கும் வருவாரா தம்பி?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கு நான் என்ன சொல்ல? வருவார்க்கான்னு சொன்னேன்.

இதைப் படிக்கிற தங்கைகள், அக்காக்கள் யாராவது இதே நிலைமையில இருந்தா, 181-ங்கிற பெண்கள் உதவி எண்ணை மனசுல வெச்சுக்கோங்க. குடும்ப வன்முறையிலேர்ந்து பெண்களைக் காக்க 2005-லயே சட்டம் வந்திருக்கு. உதவி கேட்கிறது பக்திக் குறைவு இல்லை. தேவர்களும் சிறையிலேர்ந்து வெளிய வர உதவி கேட்டுத்தான் நின்னாங்க.

இந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் பார்க்கும்போது, நேர்லயோ டிவியிலயோ, சூரன் தலை மாறுறதைப் பார்த்து அரோகரா சொல்ற அதே நேரம், திரையில வராத அந்தச் சிறைக்கதவையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அது திறக்கத்தான் வேல் புறப்பட்டுச்சு.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!