இடையூறு

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு வருவோர், அருவியில் வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதிக்கப்பட்டால், ‘பயணத்துக்கு இடையூறு’ எனச் சலிப்பர். இடையே வரும் ஊறே இடையூறு. ஊறு என்றால் தீங்கு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. ஊறு அதுவே. தடையோ, அவ்வூறு நேராமல் இடைநிற்கும் காவல்.

ஊறு என்பதற்குத் தொடுதல் என்றும் பொருளுண்டு. யாயிரின் மகளைக் காப்பாற்றச் சென்ற இயேசு, நோயுற்ற பெண்ணொருத்தி தம் ஆடையைத் தொட்டதும் நின்றார். தவித்த தந்தைக்கு அது இடையூறு, அவளுக்கோ வாழ்வு. அதற்குள் சிறுமி இறந்த செய்தி வந்தது. எனினும் அவளும் உயிர்பெற்றெழுந்தாள்.

நம் வழியை மறிப்பதை இடையூறு என்னுமுன், அதனால் வாழ்வு பெறுபவர் யாரெனக் கேட்பதே அறம்.