‘கண்டிலேன்’ என்னும் மேனாட்டுப் பாட்டு





மேனாட்டார் ‘ராக்’ என வழங்கும் இசை நம்மனோர் செவிக்குப் பெரும்பாலும் ஆரவாரமாகவே படும். அடியேனுக்கும் அவ்வாறே பட்டது. அவ்விசையின் பாட்டொன்றை இத்திங்கள் ஆராய்ச்சிக்கு எடுத்தமை கண்டு சிலர் முறுவலித்தல் கூடும். முறுவலிக்க, எடுத்தது விளையாட்டிற்கன்று.

அடியேன்பால் சிவஞானபோதம் பாடங்கேட்டு வரும் மாணாக்கர் ஒருவர் சென்ற திங்கள் அப்பாட்டைத் தம் கைப்பேசியில் ஒலிப்பித்துப் பொருளுஞ் சொன்னார். அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரத்தவராகிய ‘யூ டூ’ என்னும் இசைக்குழுவினர் 1987-ஆம் ஆண்டில் ‘த ஜோஷுவா ட்ரீ’ என்னும் இசைத்தொகுப்பில் வெளியிட்டது அது. தேடும் பொருளை இன்னுங் கண்டிலேன் என்பது அதன் தலைப்பின் கருத்து. பாடினவர் போனோ என்பவர். அமெரிக்க நாட்டுக் கறுப்பினக் கிறித்தவர் தம் தேவாலயங்களிற் பாடும் ‘காஸ்பெல்’ என்னுந் தோத்திர மரபினைத் தழுவியது அப்பாட்டு. பின்னர் நியூயார்க்கு ஹார்லெம் பகுதியிற் பாடகர் குழாத்தோடு கூடி அவர்கள் அதனைப் பாடிய காட்சியும் 1988-இல் வெளிவந்த திரைப்படமொன்றில் உளது.

பாட்டினுள் வருபவன் மலையும் வயலும் மதிலுங் கடந்து அலைகின்றான், காதலின்பம் நுகர்கின்றான், நல்லாரையுந் தீயாரையும் பழகிப் பார்க்கின்றான், இறுதியிற் கிறித்து தன் பழியைச் சுமந்து தன் கட்டினை அறுத்தார் எனத் தான் நம்புதலையும் வெளிப்படக் கூறுகின்றான். கூறிய பின்னும் கண்டிலேன் என்றே முடிக்கின்றான். விசுவாசமுடையான் இங்ஙனம் பாடலாமோ எனக் கடிந்த கிறித்தவரும் உண்டு. மாணாக்கர் வினாவும் அதுவே. “ஐயா, இஃது ஐயமோ, அன்போ?” என்றார்.

விடைக்கு முன் ஒரு தடை நீக்கவேண்டும். எப்பாட்டிற்கும் பேரின்பப் பொருள் கற்பித்தல் எளிது; எளிதாதலே அதன் குற்றம். திருக்கோவையார் நானூறு பாட்டிற்கும் பேராசிரியர் அகத்திணை நெறிநின்று உரை கண்டார். பேரின்பப் பொருள் காண்பாரும் உளர். ஆண்டுப் பாட்டுடைத் தலைவன் தில்லைக் கூத்தனே ஆகலின் அதற்கு இடமுண்டு. காமமொன்றே கூறி நிற்கும் இசைப்பாட்டில் அங்ஙனம் வலிந்து ஏற்றுதல் பாடினார்க்கும் பதிக்கும் ஒருங்கே இழைக்குந் தீங்காம். இப்பாட்டிலோ கடவுட்பொருள் நாம் ஏற்றியதன்று, பாடினாரே வைத்தது. அவர் கூறுங் கிறித்துவை நம் பெருமானாக மாற்றிக்கொள்ளலும் வேண்டா. எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்பான் சிவபெருமானே என்பது சித்தியார் துணிபாகலின், அவர் சமயத்தை அவர்க்கே விடுத்து உயிரின் நிலையை மட்டும் நோக்குவோம்.

ஆறாஞ் சூத்திரத்தில் மெய்கண்ட தேவர் அருளியதை நினைக. சுட்டியறியப்படுவது அசத்து, எவ்வாற்றானும் அறியப்படாதது முயற்கோடு போல் இன்மைப்பொருள். இரண்டுமல்லாதது சிவசத்து. இனி அப்பாட்டை நோக்குக. அவன் கண்டவை பல; கண்ட எதனையும் இதுவே அஃது எனக் கைக்கொண்டிலன். அதனால் அசத்தைச் சத்தென மயங்கிற்றிலன். அப்பொருள் இல்லையென்றுங் கூறிற்றிலன்; இல்பொருளைத் தேடுவார் யாண்டும் இலர். அதனால் சூனியத்தும் வீழ்ந்திலன். நம்பிக்கை வேறு, அனுபவம் வேறு என்பதையும் தன்னை ஏமாற்றாது சொல்லிவிட்டான். இதனை ஐயமென்றல் எங்ஙனம்? நுகர்ந்தவற்றில் உவர்ப்புத் தோன்றுதலே திரோதான சத்தி உயிரைப் பக்குவஞ் செய்து நடத்துதலின் அடையாளமாம்.

அன்றாயினும் அப்பாட்டு நிறைவுடையதென யான் கூறேன். அவன் தேட்டமெல்லாம் முன்னோக்கியது. இடத்தைக் கடந்தால் அடையலாம் என்பது. கண்ணைக் காட்டும் உயிரைக் கண் காணாதவாறு போல, உயிர்க்குயிராய் உடனின்று காட்டுவானை உயிர் தன் முன்னே தேடிக் காணமாட்டாது. எட்டாஞ் சூத்திரத்திற் கூறப்படும் வேடரிடை வளர்ந்த அரசகுமாரனும் காடெல்லாம் திரிந்து தன் அரசுரிமையைக் கண்டானல்லன். தந்தை வந்து நீ என் மகன் என்று உணர்த்தவே உணர்ந்தான். அவ்வுணர்த்துவான் வரவு அப்பாட்டில் இல்லை. தேடுவான் ஒருவன் பாடிய பாட்டில் அது வரவேண்டுமென நாம் கேட்டலும் முறையன்று.

இவ்வளவுஞ் சொல்லி முடித்தேன். மாணாக்கர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்பு தலைகுனிந்து, “ஐயா, தாங்கள் கண்டதுண்டோ?” என்றார்.

அவ்வினா அவமதிப்பாற் பிறந்ததன்று என்பதை அவர் முகம் காட்டிற்று. நாற்பது ஆண்டாகப் பன்னிரண்டு சூத்திரத்தையும் பாடஞ்சொல்லி வருகின்றேன். மாபாடியத்திற் பல பகுதிகள் ஏடு நோக்காமலே வரும். மடங்களிற் பொன்னாடையும் பெற்றுளேன். சபைகளில் இன்னும் கண்டிலேன் என்று நான் ஒருநாளுஞ் சொன்னதில்லை, கேட்டவரும் இலர். கண்டார் போலவே பேசிப் பழகிவிட்டது நா. நம் கூட்டத்தில் இப்பழக்கம் எனக்கு மட்டும் உரியதோ என்பதனை அன்பர்கள் தத்தம் நெஞ்சிற் பார்த்துக்கொள்க.

“இல்லை, தம்பி” என்றேன். “சொல்லை அறிந்தேன்.”

அவர் எழுந்து வணங்கினார். அடுத்த திங்கட்கிழமைப் பாடம் ஒன்பதாஞ் சூத்திரமாக இருந்தது. அதனை நிறுத்தி, ஆறாஞ் சூத்திரத்தை மீளவும் முதலிலிருந்து தொடங்கினோம்.