நன்றிக் கடனா?

“நாற்றம் குடலைப் பிடுங்குகிறது” என்றனர் உப்பனாற்றங்கரை மக்கள். “சான்று உண்டா?” என்றனர் அதிகாரிகள். கேட்டது தவறல்ல, தோழர்களே! சான்று கேட்பவர்கள்தாம் நாமும்! ஆனால், சான்று திரட்டும் கருவி யாரிடம் இருந்தது? கேட்டவர்களிடம்! மக்களிடம் இருந்ததோ மூக்கு மட்டுமே.

அந்த மூக்கையே கருவியாக்கினர் மக்கள். கடலூருக்குத் தெற்கே, 1980களில் எழுந்த சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களில், 2004ஆம் ஆண்டு சிலர் கண்காணிப்பாளராயினர். எந்த நாள், எந்த மணி, காற்று எத்திசை, வீசுவது அழுகிய முட்டைக்கோசின் நாற்றமா, நகப்பூச்சின் நெடியா என்று ஏட்டில் குறித்தனர். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து, அமெரிக்க ஆய்வகத்திற்கு அனுப்பினர். 22 நச்சுப்பொருள்கள் இருப்பதாக விடை வந்தது. புற்றுநோய் விளைவிப்பனவும் அவற்றுள் அடக்கம்!

இதை வகுப்பில் கூறினேன். எங்கள் ஊர் ஆறும் கடலில் கலப்பதுதான். மாணவர்கள் புறப்பட்டுவிட்டனர். கழிமுகத்திலிருந்து மேல்நோக்கி நடந்து, ஒவ்வொரு குழாயையும் வாய்க்காலையும் படத்தில் குறித்தோம். நிறம், நுரை, நேரம் எழுதினோம். காலையில் தெளிந்தோடும் குழாய் மாலையில் கறுத்தோடும். ஒருமுறை பார்த்தது பார்த்ததாகாது. முதலில் ஏட்டில் ஏறியது எந்த ஆலையுமன்று, எங்கள் தெருச் சாக்கடை! வெட்கந்தான், எழுதினோம்.

அடுத்த குழாயருகே ஒரு மாணவன் நின்றுவிட்டான். அவன் தந்தை வேலை பார்க்கும் ஆலையின் குழாய் அது. “சோறு போடும் இடமல்லவா, ஐயா?” என்றான்.

சோறு போடுகிறதாம்! கூலி என்ன பிச்சையா? உழைப்பைப் பெற்றான், கூலியைக் கொடுத்தான். கணக்கு அன்றே தீர்ந்தது. மிச்சமென்று ஒரு நன்றிக் கடன் ஏது? இருப்பதாகவே கொள்வோம், அதைக் கழிமுகத்து மீனவன் ஏன் அடைக்கவேண்டும்? அவன் அந்த ஆலையில் எந்த நாள் கூலி வாங்கினான்?

வாதம் வலுவானதுதான். ஆயினும், வேலை போனால் பட்டினி கிடப்பது நானல்லன், அந்த வீடு! பிறர் அடுப்பை அணைத்து நான் வாய்மை பேசுவதா? எழுதாமல் விடுவதும் பொய்; அவனை எழுதச் சொல்வதும் கொடுமை.

ஏட்டை வாங்கினேன். இடம், நேரம், நிறம் மூன்றையும் என் கையால் எழுதி, கீழே என் பெயரை இட்டேன். மாணவன் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “நுரையை விட்டுவிட்டீர்கள், ஐயா” என்றான்.