கோணிய கூர்

புதிதாக வாங்கிய கத்தியொன்றை உறையினின்றும் எடுத்து, முதுகு கீழும் கூர் மேலுமாகக் கண்ணுக்கு நேரே நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடியிலிருந்து நுனி வரை ஒரு முறை பார்வையை ஓட்டுகிறவனுக்கு, அதைச் செய்த ஆலையின் யோக்கியதை பெரும்பாலும் அந்த ஒரு பார்வையிலேயே விளங்கிவிடும். கூரை உண்டாக்கும் இரு சரிவுகளும் ஒரே அகலமாக நுனி வரை ஓடிச் சேர வேண்டும் என்பதே லட்சணம். அப்படியில்லாமல், வலப்புறச் சரிவு பட்டையாகப் பரந்தும், இடப்புறச் சரிவு மயிரிழையாக ஒடுங்கியும், அதிலும் பிடிக்கருகே ஒரு விதமாகவும் நுனிக்கருகே வேறு விதமாகவும் இருக்கக் கண்டால், விலை கொடுத்து வாங்கியவன் மனத்தில் கோபம் எழுவது சகஜம். அந்தக் கோபம் சற்று ஆறிய பிறகு எழும் கேள்விதான் நமக்கு முக்கியம். குறையுள்ள ஒரு பொருளைக் குறையோடு ஏற்றுக்கொள்வது விவேகமா, அல்லது சோம்பலுக்கு நாம் சூட்டிக்கொள்ளும் மரியாதையான பெயரா? பூரணத்தைக் கோருவது தர்மமா, அல்லது பிறர் கைகளை வருத்தும் ஒரு வகை ஆசையா? கத்தி அற்பமான பொருள்தான். ஆயினும் பெரிய கேள்விகள் பெரிய பொருள்களிடத்தில் மட்டுமே தங்கியிருக்க வேண்டும் என்று நியதி ஒன்றும் இல்லையே!

குறை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எஃகுத் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த அலகை ஆயிரம் டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் பழுக்கக் காய்ச்சித் திடீரென்று ஆற்றும்போது அது கடினப்படுகிறது. கடினப்படும்போதே சில சமயம் சிறிது முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அந்த முறுக்கை நிமிர்த்துவதற்கு ஆலைகளில் ஆள் உண்டு. அவர் கண்ணுக்குத் தப்பிய வளைவொன்று, பின்னர் அலகு இயந்திரச் சக்கரங்களுக்கிடையே செல்லும்போது, ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தேயக் காரணமாகிறது. கடைசியில் கூர் வைக்கும் கட்டமோ, இன்னமும் பல ஆலைகளில் மனிதர் கையாலேயே நடக்கிறது. ஓடும் சாணைப் பட்டையின் முன் நிற்கும் தொழிலாளி அலகின் ஒரு புறத்தை இழுத்து, உடனே மணிக்கட்டைத் திருப்பி மறுபுறத்தை இழுக்கிறார். அளவுகோலும் இல்லை, தாங்கியும் இல்லை, பழக்கம் ஒன்றே துணை. வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு ஒரு பக்கம் இயல்பாக வருகிறது; மறுபக்கத்தைச் சற்று வலிந்து செய்ய வேண்டியிருக்கிறது. பட்டை புதிதாயிருக்கையில் ஓர் இழுப்பில் தேய்கிற எஃகு, பட்டை தேய்ந்தபின் இரண்டு இழுப்புக் கேட்கிறது. இத்தனைக்கும் நடுவே அடுத்த கத்தி அவர் முன் காத்துக்கிடக்கிறது. ஆலையில் செய்ததென்றால் மனிதக் கை படாதது என்று நாம் எண்ணிக்கொள்வது பெரும் பிரமை. கோணிய சரிவில் நாம் காண்பது பெரும்பாலும் அவசரப்படுத்தப்பட்ட ஒரு கையின் ரேகையைத்தான்.

கத்திக்குப் பேர்போன ஊர்களில் இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டுக்குத் தனி ஸ்தானம் உண்டு. பதினான்காம் நூற்றாண்டுக் கவியான சாஸர், தம் கதையொன்றில் வரும் மாவு மில்காரன் காலுறைக்குள் ஷெஃபீல்டுக் கத்தியைச் செருகியிருந்ததாகக் குறிப்பிடுகிறார்; 1624-ல் அவ்வூர்க் கத்தித் தொழிலாளரின் சங்கம் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலமே ஸ்தாபிக்கப்பட்டது. போர்ட்டர், ரிவலின், லாக்ஸ்லி முதலான சிற்றாறுகளின் வேகத்தில் சுழன்ற மணற்கல் சக்கரங்களின் முன்னே, ‘குதிரை’ என்று அவர்கள் அழைத்த மரப்பீடத்தின் இருபுறமும் கால்களைப் போட்டு அமர்ந்து, நாள் முழுவதும் குனிந்து அலகைத் தேய்த்த சாணைக்காரர்களின் கைத்திறன் உலகப் பிரசித்தம். அதற்கு அவர்கள் கொடுத்த விலை அவ்வளவு பிரசித்தமல்ல. கல்லும் எஃகும் உதிர்த்த துகள் சுவாசத்தோடு சென்று நுரையீரலில் படிந்தது. நீர் படாத உலர்கல்லில் முட்கரண்டி தேய்த்தவர்களிற் பலர் நாற்பது வயதைக் காணாமலே மாண்டனர். துகளை விலக்கும் சாதனம் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஆயுள் நீண்டால் ஆட்கள் பெருகிக் கூலி குறைந்துவிடும் என்று அஞ்சித் தொழிலாளர்களே அதை எதிர்த்தார்கள் என்று 1845-ல் வெளிவந்த தம் நூலில் மார்க்ஸின் நண்பரான எங்கெல்ஸ் எழுதியிருக்கிறார். நேரான கூர் ஒன்றை மேசைமேல் வைத்து ரசிப்பவர் இதையும் சேர்த்தே ரசிக்கிறாரா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

இந்த ஊரைத்தான் ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் தம் அருங்காட்சியகத்துக்குத் தேர்ந்தெடுத்தார். 1875-ல், ஷெஃபீல்டின் வாக்லி என்னும் பகுதியில் குன்றின் மேலிருந்த ஒரு சிறு வீட்டில், சித்திரங்களையும் தாதுக்கற்களையும் ஏடுகளையும் சேர்த்துவைத்து, இரும்பிலும் எஃகிலும் பாடுபடுகிறவர்கள் வந்து பார்க்கட்டும் என்று திறந்துவைத்தார். ரஸ்கின் நமக்கு அந்நியரல்லர். 1904-ல் ஜோஹான்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற ரயிலில் அவருடைய ‘அன்டு திஸ் லாஸ்ட்’ நூலைப் படித்து இரவெல்லாம் உறக்கமிழந்த காந்தியடிகள், 1908-ல் அதன் சாரத்தைச் ‘சர்வோதயம்’ என்ற பெயரில் குஜராத்தியில் தந்தார். ஆனால் நம் விசாரணைக்கு முதலில் வேண்டியது, அதற்கும் முன்னதாக, 1853-ல், ‘வெனிஸின் கற்கள்’ நூலின் இரண்டாம் பாகத்தில், காத்திக் கட்டடங்களைப் பற்றி அவர் எழுதிய அத்தியாயம். குறையற்ற வேலைப்பாட்டையே எப்போதும் கேட்கிறவன் வேலை செய்பவனை ஒரு கருவியாக்கிவிடுகிறான் என்பதும், அவனை மனிதனாகவே இருக்கவிட்டால் கரடுமுரடும் தடுமாற்றமும் வேலையில் தலைகாட்டும், ஆனால் அவற்றோடு அவனுடைய சிந்தனையும் கூடவே வரும் என்பதும் அந்த அத்தியாயத்தின் ஜீவநாடி. கோணலைக் கண்டிக்கிறவர்களை வாயடைக்க விரும்புகிறவர்கள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுவதுண்டு. அதே அத்தியாயத்தில் அவர் விதிக்கிற நிபந்தனையை அவர்கள் படிப்பதில்லை. நேர்த்தியை நேர்த்திக்காகவே கேட்கலாகாது என்று சொல்லும் ரஸ்கின், காரியத்துக்கு வேண்டிய பிரயோஜனமோ உயர்ந்த நோக்கமோ இருந்தால் கேட்கலாம் என்றும் அதே மூச்சில் அனுமதிக்கிறார்.

கோவில் தூணில் இலையொன்றைச் செதுக்கிய சிற்பி அதைச் சற்றுச் சாய்த்துவிட்டால், அந்தச் சாய்வில் அவன் மனம் எங்கே சஞ்சரித்தது என்பது தெரியும். அங்கே குறையும் ஒரு பேச்சு. கத்தியின் சரிவு சாய்ந்திருந்தால் அதில் யாருடைய மனமும் பேசுவதில்லை. அந்தத் தொழிலாளி அங்கே எதையும் நினைத்துச் சாய்க்கவில்லை. நினைக்க அவருக்கு அவகாசம் கொடுக்கப்படவில்லை என்பது ஒன்றே தெரிகிறது. ஆகவே ரஸ்கினின் ஆசீர்வாதம் இந்தக் கோணலுக்குக் கிடையாது. பிரயோஜனம் என்ற நிபந்தனையோ இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. வலப்புறச் சரிவு மட்டும் பரந்திருக்கிற கத்தியைக் கொண்டு பெரிய பரங்கிக்காயை அறுக்கத் தொடங்கினால், அந்தச் சரிவு காயை ஒரு பக்கம் நெட்டித்தள்ளும் வேகத்தில் அலகு இடப்புறமாக ஒதுங்கிக்கொண்டே இறங்கும். மேலே கைவிரல் பருமனில் தொடங்கிய துண்டு அடியில் வேறொரு பருமனில் முடியும். எத்தனைதான் அழுத்திப் பிடித்தாலும் கத்தி தன் வழியே போகும். ஜப்பானியர் பச்சை மீனைச் சீவுகிற யனகிபா என்னும் நீண்ட கத்தியும் ஒருபுறம் மட்டுமே சரிந்தது, மறுபுறம் சிறிது குழிந்தது. ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு மெல்லிய துண்டு அலகில் ஒட்டாமல் விலகுவதற்காக வேண்டுமென்றே செய்தது, இடக்கைக்காரருக்கு எதிர்ப்பக்கம் சரிந்த கத்தியைத் தனியே செய்து தருகிறார்கள். ஆகவே இருபுறமும் ஒத்திருப்பதில் தனியான புண்ணியம் ஏதும் இல்லை. அறுக்கும் காரியத்துக்கு இடையூறு செய்யும்போதுதான் ஏற்றத்தாழ்வு தோஷமாகிறது.

கத்தியின் இருபுறங்களைச் சுகதுக்கங்களாகவும் கூரைக் கீதை சொல்லும் ஸ்திதப்பிரக்ஞனாகவும் உருவகித்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வது சுலபம். எனக்கு அதில் ருசியில்லை. கீதையிலிருந்து இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. எந்தக் காரியமும் ஏதேனும் ஒரு தோஷத்தின் கலப்போடுதான் நடைபெறுகிறது, அதைக் காரணமாக்கித் தனக்கு வாய்த்த கர்மத்தை ஒருவன் கைவிடலாகாது என்ற உபதேசம் பதினெட்டாம் அத்தியாயத்தில் வருகிறது. மேற்போக்காகப் பார்த்தால் ரஸ்கினும் கீதையும் ஒன்றையே சொல்வதாகத் தோன்றும். ஆனால் யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ரஸ்கின் பேசுவது வாங்குகிறவனிடம். கீதை பேசுவது செய்கிறவனிடம். வாங்குகிறவனுக்குச் சொன்னது, பிறன் உழைப்பில் வரம்பற்ற பூரணத்தைக் கேட்காதே என்பது. செய்கிறவனுக்குச் சொன்னது, குறை வந்துவிடுமே என்று தொழிலை விட்டு ஓடாதே என்பது. செயலில் காட்டும் திறமையே யோகம் என்று இரண்டாம் அத்தியாயத்தில் முன்னமே சொல்லியிருப்பதால், குறையோடு தாராளமாகச் செய் என்று அதற்கு அர்த்தம் பண்ண இடமில்லை. இவ்விரண்டு வாக்குகளும் ஆள்மாறிப் போவதால்தான் விபரீதம் விளைகிறது. ஆலை முதலாளி கீதையை எடுத்துக்கொண்டு, தோஷமில்லாத பொருள் உலகில் உண்டா என்று கேட்கிறார். வாங்குகிறவனோ, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, ஒன்றுக்கும் உதவாத சமத்துவத்தை மில்லிமீட்டர் கணக்கில் தேடுகிறான். தோஷம் சகஜம் என்பது உழைக்கிறவனுக்கு ஆறுதல். உழைப்பை விற்று லாபம் அடைகிறவனுக்கு அது ஆறுதலாக ஒருபோதும் அருளப்படவில்லை.

கத்தியோடு சாணைக்கல்லின் முன் உட்கார்ந்த மாத்திரத்தில் வாங்கியவனும் செய்கிறவனாகிவிடுகிறான். அனுபவசாலிகள் முதலில் இரு சரிவுகளின்மேலும் மார்க்கர் மையைப் பூசிவிடுவார்கள். கல்லில் இரண்டு தடவை மெல்ல இழுத்துப் பார்த்தால், மை அழிந்த இடத்தில்தான் கல் தொடுகிறது என்பது பிரத்தியட்சமாகிவிடும். சரிவின் மேல்விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் கத்தியை அதிகம் படுக்கவைத்திருக்கிறோம். கூரின் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் நிமிர்த்திவிட்டோம். வீட்டுக் கத்திகளுக்குப் பக்கத்துக்குப் பதினைந்திலிருந்து இருபது டிகிரி சாய்வு போதும். பிறகு ஒடுங்கிய சரிவின் பக்கத்தையே தேய்க்க வேண்டும். கண்ணுக்கு உறுத்துவது அகன்ற பக்கமாதலால் அதையே தேய்க்கக் கை பரபரக்கும். தேய்த்தால் கோணல் வளருமே ஒழியக் குறையாது. ஒடுங்கிய பக்கம் தேயத் தேயக் கூர் மெல்ல நகர்ந்து அலகின் நடுவுக்கு வருகிறது; இந்தச் சரிவு விரியும்போதே எதிர்ச்சரிவு தானாகச் சுருங்குகிறது. எதிர்ப்புறத்தில் கட்டைவிரலைக் குறுக்கே தடவினால், அடியிலிருந்து நுனி வரை மெல்லிய பிசிறு எழும்பியிருப்பது தட்டுப்படும். அப்போது அந்தப் பக்கத்து வேலை கூர் வரை எட்டிவிட்டது என்று அறியலாம்.

சாணைக்கல்லுக்குக் குறைக்க மட்டுமே தெரியும். அதிகம் தேய்ந்துபோன பக்கத்துக்கு அது இழந்ததைத் திருப்பித் தர உலகில் உபாயம் இல்லை. மிஞ்சியிருக்கிற பக்கத்தையும் இழக்கச் செய்துதான் சமம் கிட்டுகிறது. ஒவ்வொரு பரிகாரமும் கத்தியின் ஆயுளில் ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. ஒரே நாளில் கோணலை ஒழித்துக்கட்டத் துணிகிறவர், நேரான கத்தியோடு எழுந்திருப்பார் என்பது உண்மை. அலகில் எவ்வளவு பாக்கியிருக்கும் என்பது வேறு விஷயம். இரண்டு பக்கமும் அறுக்கிற அளவுக்கு இன்று கூர் வைத்துவிட்டு, மழுங்கும்போதெல்லாம் தீட்டுகிற வேளையில் ஒடுங்கிய பக்கத்துக்கு நாலு இழுப்பு அதிகம் கொடுத்துவந்தால், எப்படியும் தேயப்போகிற எஃகே தேய்ந்து, சமையல் நடக்க நடக்கவே கோணல் நீங்கிவிடும். உடனே கைகூடும் சத்யோமுக்தி, படிப்படியாக வரும் கிரமமுக்தி என்று வேதாந்திகள் இருவகை சொல்வார்கள். சாணைக்கல்லைப் பொறுத்தவரை நான் இரண்டாவது கட்சி.

இதற்கெல்லாம் அடங்காத கத்தியும் உண்டு. அலகே முறுக்கியிருந்தால், அல்லது முதுகிலிருந்து இறங்கும் பெரிய தேய்ப்பே ஒருபுறம் ஒதுங்கியிருந்தால், வீட்டுக் கல்லால் ஆவது ஒன்றுமில்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதே நியாயம். அங்கேயும் ஒரு சங்கடம் இருக்கிறது. திரும்பிப்போன கத்தியின் நஷ்டம், உருப்படிக் கணக்கில் கூலி பெறுகிற தொழிலாளியின் தலையில் விழுமா, அவரை விரட்டியவர் தலையில் விழுமா என்பதைக் கடை ரசீது சொல்வதில்லை. காந்தியடிகள் ரயிலில் படித்த நூலின் முதற்கட்டுரையில் ரஸ்கின் கூலியைப் பற்றித்தான் வாதாடுகிறார். ஒரு தொழிலுக்குக் கூலி விகிதம் நிலையாக இருக்க வேண்டும், நல்ல வேலைக்காரனுக்கு வேலை கிடைக்க வேண்டும், மட்டமான வேலைக்காரன் பாதிக் கூலிக்கு முன்வந்து நல்லவனுடைய இடத்தைப் பறிக்க விடலாகாது என்பது அவர் கட்சி. பொருளாதார நிபுணர்கள் அன்று அதைக் கேட்டு நகைத்தார்கள். பாதி விலைக்குக் கிடைத்தது என்று மகிழ்ந்து வாங்கிய கத்தியின் கோணலைப் பற்றிப் புகார் எழுத உட்காருகிறவர், அந்தக் கட்டுரையை ஒரு முறை படித்துவிட்டு எழுதினால், கடிதத்தின் மேல்விலாசம் மாறினாலும் மாறும்.